ரத்தத்தில் இறங்கும் மருந்து

திரிங்காப் மலைத்தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்கு யார் காவல்?

காலை ஏழு மணிக்குத் திரிங்காப் சாலையோரத்தில் நின்றால் முதலில் காதில் விழுவது பழைய லேண்ட் ரோவர்களின் உறுமல். சற்று நேரத்தில் மேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு துடிக்கத் தொடங்கும். பம்பின் அருகே நீல நிற பிளாஸ்டிக் டிரம். ஒருவர் குப்பியைத் திறந்து, அதன் மூடியிலேயே அளந்து, இரண்டு மூடி, மூன்று மூடி என்று தண்ணீரில் ஊற்றுகிறார். தண்ணீர் பால்போல வெளுக்கிறது. குச்சியால் கலக்குகிறார். குச்சி எட்டாத இடத்துக்குக் கை இறங்குகிறது, முழங்கை வரை.

பிறகு இரண்டு பேர் படிக்கட்டுப் பாத்திகளில் ஏறுகிறார்கள். முன்னால் போகிறவர் மருந்தடிக்கிறார். பின்னால் வருகிறவர் ஹோஸ் செடிகளில் சிக்காதபடி இழுத்து விடுகிறார். அடிப்பவருக்கு முகமூடி உண்டு, ரப்பர் பூட்ஸ் உண்டு. ஹோஸ் இழுப்பவருக்கு டி-சட்டையும் சிலிப்பரும்தான். அவர்தான் மருந்து பட்ட செடிகளுக்கு நடுவே, நனைந்த ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். பத்து மணிக்குத் தேநீர் வரும்போது அதே கையால் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுகிறார்.

திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூவேலி என்று நீளும் இந்தக் கேமரன் மலைத்தொடரிலிருந்துதான் கோபிஸும் தக்காளியும் கீரையும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்குகின்றன. கேமரன் மலைக் காய்கறி என்றாலே நகரத்துச் சமையலறையில் எழும் முதல் கேள்வி, கழுவினால் மருந்து போகுமா என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் தட்டுக்கு வருவது மிச்சம். அந்த மருந்தைக் கலக்காத நிலையில் கையில் எடுப்பவர், கலந்தபின் தோளில் சுமப்பவர், மாலையில் அதே சட்டையோடு குடிசைக்குத் திரும்புகிறவர்: இவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

பாராகுவாட்: ஒரு தடைக்கு ஆன காலம்

மருந்தடிக்கும் வேலை மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலைச்சரிவுகளில் உழைத்தவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். கீழே ரப்பர் தோட்டங்களில் களை கொல்ல நெடுங்காலம் பயன்பட்டது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாண வகை. 1960களில் அதன் இடத்தைப் பிடித்தது பாராகுவாட். தோட்டத்து வாயில் அதன் பெயர் கிராமக்ஸோன். ஆர்சனைட்டைவிடப் பாதுகாப்பானது என்றே அது வந்து சேர்ந்தது.

அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். பால்மரம் வெட்டுவதைவிடக் கூலி குறைந்த வேலை என்பதால் அவர்கள் பக்கம் தள்ளப்பட்ட வேலை அது. முதுகில் டாங்கி, கையில் பம்புப் பிடி, டாங்கியின் மூடி கசிந்தால் முதுகெல்லாம் மருந்து. நகம் கறுத்து உதிர்வது, மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், தோல் வெடிப்பு ஆகியவை தோட்டத்தில் எல்லாரும் அறிந்தவை. தோட்ட மருந்தகத்தின் டிரெசரிடம் போனால் களிம்பும் தலைவலி மாத்திரையும் கிடைக்கும். மறுநாள் மீண்டும் அதே டாங்கி.

இதை ஆவணமாக்கியது தெனாகனித்தா அமைப்பு. அதை 1991இல் தொடங்கிய ஐரீன் பெர்னாண்டஸ், ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். லயத்து வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர். பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயல்வலையின் ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து தெனாகனித்தா 2002இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தது. அப்போது நாட்டின் தோட்டங்களில் சுமார் 30,000 பெண்கள் இந்த வேலையில் இருந்ததாக அமைப்புகள் மதிப்பிட்டன.

2002இல் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தோட்ட முதலாளிகள் தரப்பின் அழுத்தத்துக்குப் பின் அது தளர்ந்தது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1இல். அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையே 17 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2014 மார்ச் 31இல் காலமான ஐரீன் அந்த நாளைப் பார்க்கவில்லை.

┌ பெட்டிச் செய்தி: நஞ்சும் ஆண்டுகளும்
• 1962: பாராகுவாட் விற்பனைக்கு வருகிறது.
• 1974: மலேசியப் பூச்சிக்கொல்லிச் சட்டம். பதிவு பெறாத மருந்தை விற்கக் கூடாது.
• 1989: சுவிட்சர்லாந்து பாராகுவாட்டைத் தடுக்கிறது. பின்னாளில் அதன் முதன்மைத் தயாரிப்பாளரின் தலைமையகம் அமைந்ததும் அதே நாட்டில்தான்.
• 2007: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் அனுமதி ரத்து.
• 2020: மலேசியாவில் முழுத்தடை.
• 2023 மே 1: குளோர்பைரிபோஸ், கார்போபியூரான் இரண்டையும் விவசாயத்தில் பயன்படுத்த மலேசியா தடை.
• பாராகுவாட் நஞ்சுக்கு இன்றுவரை முறிமருந்து இல்லை.
└

முகமூடி மறைக்காத இடங்கள்

தோட்டத்தில் பாதுகாப்பு என்று யாரைக் கேட்டாலும் முகமூடியைக் காட்டுவார்கள். மூக்கை மூடிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெளியில் மருந்தடிப்பவரின் உடலுக்குள் நஞ்சு அதிகம் நுழைவது தோல் வழியாக என்பதுதான் உண்மை.

1971இல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. பாராத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மிகச் சிறிய அளவில் தன்னார்வலர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தார்கள். முன்கையில் தடவியதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. தலையில் 32. நெற்றியில் 36. அக்குளில் 64. ஆணின் விதைப்பையில் தடவியது ஏறக்குறைய முழுவதும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு திரிங்காப்பின் பாத்திகளை மறுபடி பாருங்கள். தக்காளியும் கொடி பீன்ஸும் குச்சி நட்டு ஆள் உயரத்துக்கு வளர்க்கப்படுகின்றன. மேல்நோக்கி அடிக்கும் மருந்து தலையிலும் நெற்றியிலும் இறங்குகிறது. கை உயர்த்தி அடிக்கும்போது ஹோஸின் இணைப்பிலிருந்து கசிவது சட்டைக் கைவழியே அக்குளுக்கு ஓடுகிறது. நனைந்த காற்சட்டை நாள் முழுதும் தொடையோடு ஒட்டிக் கிடக்கிறது. முகமூடி இவற்றில் எதையும் தடுப்பதில்லை.

மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் நடந்தது இதற்கு நெருங்கிய உதாரணம். அந்த ஆண்டு பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்தது. தலைக்குமேல் பம்பைப் பிடித்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் பிறர் நிலத்தில் கூலிக்கு மருந்தடித்தவர்கள்.

எல்லாக் கையுறையும் ஒன்றல்ல. கட்டடவேலைக்குப் போடும் துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி, மணிக்கணக்கில் தோலோடு அணைத்து வைத்திருக்கும். அதைவிட வெறுங்கையாக இருந்து உடனே சோப்புப் போட்டுக் கழுவுவதே மேல். வேண்டியது நைட்ரில் கையுறை. அதுவும் ஓட்டை விழுந்த அன்றே மாற்றப்பட வேண்டும்.

கீழ்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் பாதுகாப்பு உடை போடாததற்குச் சொல்லப்படும் காரணம் வெக்கை. அதில் உண்மை உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் கேமரன் மலையில் அந்தச் சாக்குக்கு இடம் குறைவு. ஆனால் மழைக்காகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கூரைகளின் கீழே நிலைமை வேறு. காற்றோட்டம் குறைவு, வெயில் ஏறினால் புழுக்கம், அடித்த மருந்தின் ஆவி வெளியேற வழியில்லாமல் தொங்கி நிற்கும். திறந்த பாத்திக்கும் கூரைக்குக் கீழே உள்ள பாத்திக்கும் ஒரே விதி போதாது. கூரையின் பக்கச் சீலைகளைத் தூக்கிவிட்டு அடிப்பதும், அடித்தபின் குறித்த நேரம்வரை யாரையும் உள்ளே விடாமல் கயிறு கட்டுவதும் காசு கேட்காத காரியங்கள்.

அப்புறம், சட்டை. மருந்தடித்த சட்டையோடு வீட்டுக்குப் போவதுதான் குடும்பத்துக்கு வரும் ஆபத்து. அதே வாளியில் பிள்ளைகளின் உடுப்பு ஊறும். அப்பா தூக்கிக் கொஞ்சும் குழந்தையின் கன்னம் அந்தத் தோளில்தான் சாய்கிறது. பம்பு வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு குளியலறை, சோப்பு, மாற்றுடை வைக்க ஓர் அலமாரி, சட்டை துவைக்க ஒரு தனித் தொட்டி இருக்க வேண்டும். ஆள் வைத்து விவசாயம் செய்கிறவர் இதைச் செலவு என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். டிரம்மும் பம்பும் எப்படி அவருடைய செலவோ, இதுவும் அப்படித்தான்.

ஈயம் கற்றுக்கொடுத்த பாடம்

சற்று விலகி வேறொரு தொழிலைப் பார்ப்போம். அமெரிக்காவில் உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் தளங்கள் ஏராளம். ஒவ்வொரு முறை சுடும்போதும் தோட்டாவிலிருந்தும் அதன் வெடிமருந்து மூட்டியிலிருந்தும் ஈயத்தூள் காற்றில் கலக்கிறது. வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். பயிற்சியாளரும் தரை கூட்டுகிறவரும் எட்டு மணி நேரமும் அதைச் சுவாசிக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரில் 2012இல் அப்படி ஒரு தளத்தை விரிவாக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் பலர் ரத்தத்தில் ஈயத்தோடு வீடு திரும்பினார்கள். தூள் அவர்களுடைய சட்டையோடு குடும்பத்துக்கும் போனது.

நம் மலைக்கும் அந்தத் தளத்துக்கும் தூரம் அதிகம். ஆனால் ஈயத்துக்காக அமெரிக்கா 1978இல் எழுதிய விதியில் ஓர் அம்சம் நமக்கு உடனே வேண்டியது. தொழிலாளியின் ரத்தத்தை முறையாகச் சோதிக்க வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 60 மைக்ரோகிராமைத் தொட்டால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். விலக்கிய காலத்தில், 18 மாதம் வரை, அவருடைய சம்பளமும் பணிமூப்பும் குறையக் கூடாது. அந்த 60 என்ற எல்லை மிகத் தாராளமானது என்று இன்று மருத்துவ உலகம் சொல்கிறது. சுடுதளங்களில் பணிபுரியும் ராணுவத்தினரைப் பற்றி 2012இல் வந்த அமெரிக்க தேசிய ஆய்வு மன்ற அறிக்கையும் பழைய எல்லைகள் பாதுகாப்புக்குப் போதாது என்றே முடிவு கட்டியது. எண் பழசானாலும் சம்பளம் குறையாது என்ற வாக்கு பழசாகவில்லை.

அந்த வாக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? நாள்கூலிக்காரர் தலைச்சுற்றலை மறைப்பார். வாந்தியை மறைப்பார். சோதனைக்கு வராமல் ஒளிவார். நாளைய கூலி போய்விடும் என்ற பயம் நஞ்சைவிடப் பெரிது. மருத்துவரை அழைத்து வந்து முகாம் போட்டாலும் இந்தப் பயம் இருக்கும்வரை உண்மை வெளியே வராது.

மருந்தடிப்பவருக்கான ரத்தச் சோதனைக்குப் பெயர் கோலினெஸ்டரேஸ் சோதனை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை வேலை முடிந்ததும் அணைப்பது இந்த நொதி. குளோர்பைரிபோஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் இதை முடக்குகின்றன. அணைக்க ஆளில்லாமல் நரம்பு கத்திக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், வியர்க்கும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கட்டும். முற்றினால் மூச்சு நிற்கும். இலேசாக இருக்கும்போது தலைவலி, மயக்கம், குமட்டல். குளிர் பிரதேசத்தில் இதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு இயல்பான அளவு இன்னொருவருக்குப் பாதியாகக் குறைந்த அளவாக இருக்கலாம். ஆகவே நோய் வந்தபின் எடுக்கும் ஒற்றைச் சோதனை பாதி உண்மைதான் சொல்லும். வேலையில் சேரும் முன், மருந்தைத் தொடும் முன், ஒரு முறை எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். கலிபோர்னியா 1974 முதல் இப்படிச் செய்கிறது. முதல் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தோட்டத்தின் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணுவில் உள்ள நொதியின் அளவு 70 சதவீதத்துக்கு இறங்கினால் ஆளை மாற்ற வேண்டும். இந்தச் சோதனை மலேசியாவிலும் கிடைக்கிறது.

லேபிளில் தமிழ், தோளில் யார்?

மலேசியாவில் விற்கும் பூச்சிக்கொல்லிக் குப்பிகளில் எச்சரிக்கை தமிழிலும் அச்சாகிறது. தோட்டங்களில் டாங்கி சுமந்தவர்கள் தமிழர்கள் என்பதால் கிடைத்த இடம் அது. இன்று கேமரன் மலையில் மருந்தடிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். வங்காளி மொழியோ நேப்பாளியோ பர்மியமோ அந்தக் குப்பியில் இல்லை. குப்பியைச் சுற்றியுள்ள வண்ணப் பட்டை நஞ்சின் கடுமையைச் சொல்வது. அதையும் யாராவது ஒரு முறை சொல்லித் தர வேண்டும்.

முன்பு நம் பாட்டிமார் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். சில தோட்டங்களின் முதலாளிகளும் மண்டோர்களும் தமிழர்கள். இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும்: நம் தாய்மார்களின் நகம் உதிர்ந்த கதையை அறிந்தவர்கள் அதே டாங்கியை இன்னொருவர் முதுகில் அதே முறையில் ஏற்றுவது பெருங்குற்றம். வேலை பெர்மிட் கையில் இல்லாத தொழிலாளி உடம்பு முடியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத் துணிவதில்லை. அவருடைய நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கேமரன் மலையில் நஞ்சேறியவர்கள் குறைவு என்று யாராவது கணக்குக் காட்டினால், எண்ணப்பட்டவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள்.

உலக அளவில் 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு, ஆண்டுக்கு 38.5 கோடிப் பேர் தற்செயலாகப் பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு ஆளாகிறார்கள் என்றது. அது உலகின் விவசாயிகளிலும் பண்ணைத் தொழிலாளர்களிலும் ஏறக்குறைய 44 சதவீதம்.

சட்டத்தில் இருப்பது, தோட்டத்தில் இல்லாதது

1991 மே 7இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்த பிறகுதான் இந்த நாட்டில் தொழில் பாதுகாப்புக்கு விரிவான சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1994இல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அது தொடக்கத்திலிருந்தே விவசாயத்தையும் உள்ளடக்கியது. 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிகள் இன்னும் தெளிவானவை: முதலாளி இரசாயன ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும்; தேவைப்படும் தொழிலாளர்களுக்கு 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்; தொழில்நல மருத்துவர் சொன்னால் அந்தத் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும்; கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதே பாதுகாப்பு.

2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் நடப்பில் இருக்கிறது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால் வேலையிடத்திலிருந்து விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

பெரிய தேயிலைக் கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு அதிகாரி உண்டு, கோப்பு உண்டு, சோதனைக்கு வருபவர்களும் உண்டு. கொய்த தேயிலை கழுவப்படாமலேயே வாட்டலுக்கும் உருட்டலுக்கும் போகிறது. அதனால் எஞ்சும் மருந்தைப் பற்றி வாங்குபவர்கள் கெடுபிடியாகக் கேட்கிறார்கள். அந்தக் கெடுபிடி ஓரளவு தொழிலாளிக்கும் காவலாகிறது. நான்கு பேரை வைத்துக்கொண்டு இரண்டு ஏக்கர் காய்கறி போடும் தோட்டத்தில் இது எதுவும் இல்லை. குத்தகை நிச்சயமில்லாத நிலம், ஏறி இறங்கும் விலை, எதற்கும் மசியாத பூச்சி, பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன கலவை. அந்தச் சிறு விவசாயியை வெறும் அபராதத்தால் திருத்த முடியாது. அவருக்கு விவசாய இலாகா ஆலோசகர் வாசலுக்கே வர வேண்டும். பொது ரத்தச் சோதனை முகாம் வேண்டும். திரிங்காப்பிலேயே மாதம் ஒரு நாள் அதை நடத்த முடியாதா?

எல்லாவற்றுக்கும் முந்திய காவல், கடும் நஞ்சைக் கடையிலிருந்தே எடுத்துவிடுவது. இலங்கை அதைச் செய்து காட்டியது. 1995இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தாமிடோபாஸ்; 1998இல் எண்டோசல்பான்; 2008 முதல் 2011க்குள் பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான் என்று படிப்படியாக விலக்கியது. பூச்சிக்கொல்லியைக் குடித்து இறப்பவர்கள் அதிகமாக இருந்த அங்கே தற்கொலை விகிதம் 1995இன் உச்சத்திலிருந்து சுமார் 70 சதவீதம் குறைந்தது. இந்தத் தடைகளால் விளைச்சல் விழவில்லை என்று ஆய்வுகள் பதிவு செய்தன. மலேசியாவும் 2020லும் 2023லும் அதே திசையில் அடி வைத்திருக்கிறது. பதிவில்லாத மருந்துகள் கள்ளத்தனமாக வந்து சேர்வதைத் தடுக்காவிட்டால் அந்த அடிகள் காகிதத்தோடு நின்றுவிடும்.

┌ பெட்டிச் செய்தி: மருந்து மேலே பட்டுவிட்டால்
• நனைந்த உடையை உடனே கழற்றுங்கள். நிறையத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். தலைமுடி, அக்குள், நகத்தடி உட்பட.
• கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள்.
• விழுங்கியிருந்தால் வலிந்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
• மருத்துவமனைக்குப் போகும்போது குப்பியை அல்லது லேபிளைக் கையோடு கொண்டு போங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாகத் தொடங்கும்.
• பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம்: 1-800-88-8099.
• 2019 ஜனவரி 1 முதல் சட்டபூர்வமாக வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் காப்புறுதி உண்டு.
└

தோட்டம் நடத்தும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து ஒருவரை மருந்தடிக்க அனுப்பும் முன் அவருடைய கோலினெஸ்டரேஸ் அளவை எடுத்து வையுங்கள். மருத்துவர் விலகச் சொன்னால் கூலி குறையாது என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். ஹோஸ் இழுப்பவருக்கும் அடிப்பவருக்குச் சமமான உடுப்பு கொடுங்கள்.

தொழிலாளர்களுக்கு ஒரு தகவல். பாதுகாப்புக்காகத் தரும் கையுறை, பூட்ஸ், முகமூடி எதற்கும் உங்கள் கூலியில் காசு பிடிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. பிடித்திருந்தால் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷிடம் புகார் செய்யுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள்.